ரெண்டு கிலோவுக்கு மேலே கூடாது

நாலு காலில் நின்று, வலது கையை முன்னாலும் இடது காலைப் பின்னாலும் நீட்டி, பேச்சியம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இடுப்புக்காக பிசியோ டாக்டர் ஆரிபா சொல்லிக்கொடுத்த பயிற்சி. நீட்டிய கைக்கு நேர் எதிரே சேதுபதி ஒரு பித்தளைக் குடத்தைக் கொண்டுவந்து 'ணங்'கென்று வைத்தார்.

"என்னது இது?" கையை மடக்காமலே கேட்டாள்.

"குடம்."

"குடம்னு தெரியுது. எதுக்கு எம் மூஞ்சிக்கு முன்னாடி வைக்கிறீங்க?"

"பங்குனிப் பொங்கலுக்கு நீ பால்குடம் எடுக்குற பேச்சி. காளியாத்தாவுக்கு வேண்டியிருக்கேன்."

கை கீழே விழுந்தது. கால் கீழே விழுந்தது. பேச்சியம்மாள் மட்டும் அப்படியே நாலு காலில் நின்றாள்.

"வேண்டுனது யாரு?"

"நான்தான்."

"எடுக்குறது?"

"நீதான்."

"அதென்ன கணக்கு? வேண்டுன வாயி உங்களுது, சொமக்குற தல என்னுதா?"

"பால்குடம்னா பொம்பளைங்கதான எடுக்கணும்? ஒலக வழக்கம்தான?"

ஆண்கள் வேண்டிக்கொள்வதும் பெண்கள் சுமப்பதும் எந்தக் காலத்தில் வழக்கமானது என்று எந்தக் கோயில் கல்வெட்டிலும் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் அதைப் படித்துக் காட்டுகிறவர் ஒரு ஆணாகத்தான் இருப்பார்.

"இன்னும் குனிஞ்சு செருப்பு மாட்ட முடியல. கொணமே ஆகல. அதுக்குள்ள என்ன கடன்? ஆத்தா மொதல்ல செய்யட்டும், அப்புறம் பாப்போம்."

"அவ பங்க அவ செஞ்சிட்டா, பேச்சி."

"என்னத்தச் செஞ்சா?"

சேதுபதி மின்விசிறியைப் பார்த்தார். "செஞ்சிட்டா," என்றார் மெதுவாக. "நம்ம பங்க நாம சீக்கிரமா செஞ்சிரணும். சாமி விஷயத்துல பாக்கி வெக்கக்கூடாது."

பேச்சியம்மாளுக்கு வயது ஐம்பத்தாறு. நாகல் நகர்ப் பக்கம் ஒரு சந்தில் இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறாள். முப்பது வருடம் அரிசி மூட்டையைத் தூக்கி இறக்கியிருக்கிறாள், அதை ஒரு ஆளும் திரும்பிப் பார்த்ததில்லை. மாவு வாங்க வந்த இஷாக்தான் முதலில் பார்த்தான். பேகம்பூரில் ஜிம் வைத்திருப்பவன். கைக்கொன்றாக இரண்டு இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பத்தோடு அவள் படியேறியதைப் பார்த்து, வாங்கிய மாவை அங்கேயே மறந்துவிட்டுப் போனான். மறுநாள் திரும்பி வந்தான். "அக்கா, ஜிம்முக்கு வாங்க. உங்ககிட்ட ஃபீஸ் வாங்க மாட்டேன்."

அன்றைக்கு அவளுக்கு ஐம்பது வயது. நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனவள், டிராக் பேண்ட் வாங்கிக்கொண்டு திரும்பினாள். போன வருடம் மூத்தோர் மாநில வலுதூக்கும் போட்டியில் வெள்ளி. தங்கத்தை வாங்கிக்கொண்டு போனது கரூரில் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு அம்மாள். வித்தியாசம் வெறும் இரண்டரை கிலோ. மேடையிலிருந்து இறங்கும்போது அந்த ஏட்டம்மா, "அடுத்த வருஷமும் வருவீங்கள்ல?" என்று கேட்டு ஒரு சிரிப்புச் சிரித்தாள். பேச்சியம்மாள் அந்தச் சிரிப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து தினமும் அதற்காகத்தான் தூக்கினாள். அடுத்த போட்டி ஆனி மாதம்.

தைப் பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை காலை, ராடில் நூற்றுப்பத்து கிலோ. முழங்காலைத் தாண்டும்போது இடுப்புக்குள் யாரோ தீக்குச்சியைக் கிழித்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு அவள் பார்த்தது ஜிம்மின் கூரையை. டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்றார்கள். ஆஸ்பத்திரி, ஸ்கேன், படுக்கை.

சொந்தபந்தம் பழம், ரொட்டியோடு வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, "இந்த வயசுல இது தேவையா?" என்று கேட்டுவிட்டு, கொண்டுவந்த பழத்தை உரித்து அவர்களே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். தண்ணீர்க் குடம் தூக்கி இடுப்பு ஒடிந்திருந்தால் அவள் குடும்பத்துக்கு உழைத்தவள். ராடு தூக்கி ஒடிந்ததால் திமிர் பிடித்தவள்.

சேதுபதி மட்டும்தான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பஸ் டெப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவர். தான் குடித்த டம்ளரைத் தானே கழுவியதாக அவருக்கே நினைவில்லை. அவள் ஜிம்முக்குப் போன ஆறு வருடமும் தடுத்ததில்லை, டீக்கடையில் "அண்ணே, வீட்ல அடி வாங்குறது யாரு?" என்று கேட்டால்கூடச் சிரித்துக்கொண்டே வடையைப் பிய்ப்பார். அப்படிப்பட்ட மனிதர், அவளை ஸ்ட்ரெச்சரில் பார்த்த அன்றைக்கே ஆள் மாறிப்போனார். சோறு வடித்தார். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைத்தார். அது வாயில் வைக்கிற மாதிரி இல்லை, ஆனால் வைத்தார். அவளுடைய சேலையைத் துவைத்தார். தலை பின்னிவிட்டார், பின்னல் இடது காதுப் பக்கம் போய் முடிந்தது. பின்னும்போதே அழுதார்.

"எதுக்குங்க அழுறீங்க?"

"ஒன்னய இப்படிப் பாக்க முடியல பேச்சி."

பக்கத்து வீட்டுப் பெண்கள் சுவருக்கு மேலே தலையை நீட்டி, கொடியில் அவர் பாவாடை காயப்போடுவதைப் பார்த்துத் தங்கள் புருஷன்மார்களைத் திட்டினார்கள். பேச்சியம்மாளுக்கும் நெஞ்சு இளகியிருந்தது. அதனால்தான் அந்தக் குடத்தைத் தூக்கித் தெருவில் எறியவில்லை. எறியவும் முடியாது. டாக்டர் ஆரிபாவின் கட்டளை: ரெண்டு கிலோவுக்கு மேலே கூடாது.

ஆரிபா பேகம்பூரில் பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிற சின்ன வயதுப் பெண். குரல் மட்டும் தலைமை ஆசிரியை. "திருவிழா முடிஞ்சதும் செக்கப் வாங்க ஆன்ட்டி. எல்லாம் நல்லா இருந்தா வெறும் ராடு தூக்க விடுறேன். அதுக்குள்ள இன்னொரு தடவ பிதுங்குச்சுன்னா ஆபரேஷன்தான். அப்புறம் ராட மறந்துருங்க" என்று சொல்லியிருந்தாள். பேச்சியம்மாள் கடைக்கு ஆள் வைத்தாள். மாவு வாளியைக்கூடக் காலால் நகர்த்தினாள். இந்தக் குடத்தால் எல்லாம் போய்விடும் போலிருந்தது.

"செம்புல எடுக்குறேன்," என்றாள். "ஒரு சின்னச் செம்பு. ஆத்தா என்ன அளந்தா பாக்கப்போறா?"

சேதுபதிக்கு இது நல்ல யோசனையாகப் பட்டது. இருவரும் கோயிலுக்குப் போனார்கள்.

காளியம்மன் கோயில் பூசாரி பாக்கியராஜ் காலையிலும் மாலையிலும் பூசாரி, இடையில் ஆட்டோ ஓட்டுகிறவர். காக்கிச் சட்டையைக் கழற்றி வேல்கம்பில் மாட்டிக்கொண்டே கேட்டார்.

"செம்பா? ஏண்ணே, குடம்னு சொல்லிட்டுச் செம்பு குடுக்குறது பிரியாணின்னு சொல்லிட்டுக் குஸ்கா வெக்கிற மாதிரி. ஆத்தா ஒத்துக்குவாளா?"

"டாக்டரு ரெண்டு கிலோதான்னு சொல்லியிருக்காங்க," என்றாள் பேச்சியம்மாள்.

"டாக்டரு ஆத்தாவுக்கா வைத்தியம் பாக்குறாங்க? சரி, என்ன வேண்டுதல்னு சொல்லுங்க, அதுக்குத் தக்கன பாப்போம்."

"அதச் சொல்லக்கூடாது பூசாரி," என்றார் சேதுபதி அவசரமாக. "சொன்னா பலன் போயிரும்."

"அப்ப பூக் கேட்டுப் பாத்துருவோம்."

வாசலில் பூ விற்கிற ஷைனி இரண்டு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் செவ்வரளி. ஷைனி ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் சர்ச்சில் இருப்பாள், மற்ற நேரமெல்லாம் காளியம்மன் வாசல்தான். வெள்ளை வந்தால் ஆத்தா சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. "மனசு சுத்தமான ஆளு எடுக்கணும்," என்று பூசாரி சொன்னதும் அங்கே நின்ற பெரியவர்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பின்வாங்கினார்கள். கணக்குப் பரீட்சைக்குத் திருநீறு பூச வந்த ஒரு சிறுமி எடுத்தாள்.

சிவப்பு.

"பாத்தீங்களா, கொறைக்கக் கேட்டதே ஆத்தாவுக்குப் பிடிக்கல," என்றார் பாக்கியராஜ். "இனிமே அரைக்குடம் காக்குடம்லாம் ஆகாது. கழுத்து வரைக்கும் பால் நிக்கணும். மேல தேங்கா வெக்கணும்."

கேட்காமல் இருந்திருந்தால் பாதிக் குடத்தோடு போயிருக்கும். பேச்சியம்மாள் புருஷனைப் பார்த்தாள். புருஷன் தரையைப் பார்த்தார்.

"நீ கவலப்படாத. நான் சரி பண்றேன்," என்றார்.

அவர் சரிபண்ணிய விதம்: திருவிழாக் கமிட்டித் தலைவர் கமலக்கண்ணனைப் போய்ப் பார்த்தார். ஊர்வலம் கிளம்ப எப்படியும் உச்சி வெயில் ஆகிவிடும், வரிசையில் நின்றே அவள் இடுப்பு போய்விடும், அதனால் எல்லாருக்கும் முன்னாடி அவளை அனுப்பிவிட முடியுமா என்று கேட்டார். கமலக்கண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார்.

"முன்னாடியா? மொதக் குடமே அவங்கதாண்ணே! மெடல் வாங்குன பொம்பள மொதக் குடம் எடுத்தா நம்ம தெருவுக்கே பெருமை!"

முதல் குடம் என்றால் தனி மேளம். முதல் குடம் என்றால் அது நகர்ந்தால்தான் பின்னால் மற்ற குடங்கள் நகரும். செய்தி எரியோட்டுக்குப் போனது, குஜிலியம்பாறைக்குப் போனது. சேதுபதியின் சொந்தக்காரர்கள் வேன் பேசினார்கள். இஷாக்குக்கும் போனது. அவன் சும்மா இருக்கிற ஆள் இல்லை.

இரண்டாம் நாள் ஆரிபாவிடமிருந்து போன்.

"ஆன்ட்டி, ஆறு குடமா?"

"என்ன ஆறு குடம் டாக்டரம்மா?"

"பேகம்பூர் ரோட்டுல இம்புட்டுப் பெரிய ஃப்ளெக்ஸ் தொங்குது. நீங்க பல்லக் கடிச்சுக்கிட்டு ராடத் தூக்குறீங்க. பிளேட்டு இருக்குற எடத்துல பக்கத்துக்கு மூணு பால்குடம் கோத்துருக்கு. 'முதல் குடம் எடுக்கும் எங்கள் இரும்பு அக்காவை வாழ்த்துகிறோம்'னு போட்டுருக்கு. ஸ்கூட்டர்ல வந்தவ அதப் பாத்துட்டு முன்னாடி போன ஆட்டோவுல இடிச்சுட்டேன்."

"அது இஷாக் தம்பி ஆசைக்குப் போட்டது. எடுக்குறது ஒண்ணுதான்."

"ஒண்ணு எடுக்கலாம்னு யாரு சொன்னா? ரெண்டு கிலோன்னு தமிழ்லதான சொன்னேன்?"

"பால்தான டாக்டரம்மா..."

"பால் என்ன காத்தா? குடம், பாலு, தேங்கா, மாலை எல்லாம் சேந்தா பத்து கிலோ வந்துரும். அதத் தலையில வெச்சு வெயில்ல நடந்தீங்கன்னா அந்த டிஸ்க் என்னாகும்? யா அல்லாஹ், நான் எதுக்கு உங்களோட இம்புட்டு நாள் மல்லுக்கட்டுனேன்? எடுங்க. எடுத்துட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. எங்கிட்ட வராதீங்க. ராட இனிமே ஃப்ளெக்ஸ்லதான் பாக்கணும்."

போன் வைக்கப்பட்டது.

பேச்சியம்மாள் சமையல்கட்டுக்குப் போனாள். சேதுபதி அவளுக்காகக் கேப்பைக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தார், கட்டி கட்டியாக.

"ஏங்க, அடுத்த வருஷம் எடுத்தா என்ன?"

கரண்டி அப்படியே நின்றது. "வேணாம் பேச்சி. இன்னும் ஏதாவது ஆயிரும். ஆத்தா இன்னும் பெருசா ஏதாவது பண்ணிட்டான்னா?" அடுப்பை அணைத்தார். "நீ இன்னும் என்னத்தத் தாங்குவ?"

இப்படிப் பயப்படுகிற மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது? சண்டை போடாமல் ஜெயிக்கிற வழியைத் தேடினாள்.

மதியம் அவர் தூங்கும்போது கோயில் வாசலுக்கு நடந்துபோனாள்.

"ஷைனி, ரெண்டு பொட்டலம் கட்டு. சாயங்காலம் பூசாரி கேட்டா எடுத்துக் குடு."

"வெள்ள ஒண்ணு செவப்பு ஒண்ணுதான?"

"ரெண்டும் வெள்ள."

ஷைனி நிமிர்ந்து பார்த்தாள். "ஏக்கா, அப்படிக் கட்டுனா ஆத்தா என்னத்தச் சொல்லுவா?"

"நான் சொல்லச் சொன்னதச் சொல்லுவா. கட்டு."

"எனக்கென்ன. நான் வேதக்காரி," என்று சொல்லிக்கொண்டே ஷைனி கட்டினாள்.

சாயங்காலம் பூசாரி முன்னால் பேச்சியம்மாள் கேள்வியைப் போட்டாள். "எனக்குப் பதிலா எம் புருஷன் குடம் எடுக்கலாமான்னு கேளுங்க."

"நானா?" சேதுபதி துள்ளினார். "அது எப்படி? ஒம் பேரச் சொல்லியில்ல வேண்டியிருக்கேன்!"

"கேக்கத்தான செய்யுறோம்? ஆத்தா வேணாம்னா வேணாம்."

இந்தத் தடவை மனசு சுத்தமான ஆள் யாரும் அகப்படவில்லை. பேச்சியம்மாளே கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். வெள்ளை. அடுத்த பொட்டலத்தை யாரும் கேட்பதற்குள் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சேதுபதியின் முகமும் அந்தப் பூவின் நிறத்துக்கு வந்திருந்தது. "ஆத்தா என்னையவா கேக்குறா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வேற எதுவும் சொல்லலையே?"

"பூ என்னங்க சொல்லும்?"

"அதில்ல... சரி. கேட்டுட்டா. எடுத்துருவோம்."

அன்றிலிருந்து வீட்டில் பயிற்சி தொடங்கியது. ஆறு வருடம் இஷாக் தன்னிடம் கத்தியதை எல்லாம் பேச்சியம்மாள் புருஷனிடம் கத்தினாள்.

"குடத்துக்குக் கிட்ட வந்து நில்லுங்க. இன்னும் கிட்ட. முட்டிய மடக்குங்க. பின்னாடி சேர்ல ஒக்காரப் போற மாதிரி இடுப்பத் தள்ளுங்க."

"சேரு எங்க?"

"சேரு இல்ல. இருக்குற மாதிரி நெனச்சுக்கங்க. மூச்ச இழுத்து வயித்த இறுக்குங்க."

சேதுபதி தன் வயிற்றைப் பார்த்தார். முப்பது வருடம் டெப்போ கேன்டீனில் வளர்ந்த வயிறு. அதை இறுக்குவது என்பது அவர் கையில் இல்லை.

"பேச்சி, நான் ஒரு குடம் பால் தூக்கப் போறேன். மாநிலப் போட்டிக்கா போறேன்? எங்க ஆத்தா, எங்க அக்கா எல்லாம் கோச் வெச்சா குடம் தூக்குனாங்க?"

"அவங்க இடுப்பு எப்படி இருந்துச்சுன்னு அவங்கள யாராவது கேட்டீங்களா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினார். பயிற்சியும் அதோடு முடிந்தது.

பங்குனிப் பொங்கல். தெருமுனைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்திலிருந்து ஊர்வலம். மஞ்சள் வேட்டி, கழுத்தில் மாலை, நெற்றி நிறையத் திருநீறோடு சேதுபதி முதலில் நின்றார். அவருக்குப் பின்னால் தெருப் பெண்கள் எல்லாரும் ஆளுக்கொரு குடத்தோடு. எரியோட்டு வேன், குஜிலியம்பாறை வேன், இஷாக்கின் ஜிம் பையன்கள், மேளம். சந்தேகப் புத்தியோடு ஆரிபாவும் ஸ்கூட்டரில் வந்து ஒரு ஓரமாக நின்றாள். பேச்சியம்மாள் வெறும் கையோடு நிற்பதைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

வேப்பிலை கட்டி, பால் நிரப்பி, தேங்காய் வைத்து ஜோடித்த குடம் வாழையிலை மேல் இருந்தது. பாக்கியராஜ் சூடம் காட்டினார். "எடுங்கண்ணே!"

சேதுபதி குனிந்தார். கால் இரண்டும் விறைப்பாக, முதுகு வில்லாக வளைந்து, குடம் ஒரு முழம் தள்ளி. எப்படித் தூக்கக்கூடாது என்று இஷாக் தன் ஜிம் சுவரில் படம் போட்டு ஒட்டலாம்.

"முட்டிய மடக்குங்க!" என்று பேச்சியம்மாள் கத்தினாள். மேளத்தில் கேட்கவில்லை.

குடம் தரையைவிட்டு ஒரு விரல்கடை எழும்பியது. பிறகு பத்திரமாக வாழையிலையிலேயே உட்கார்ந்தது. சேதுபதி எழும்பவில்லை. குனிந்த நிலையிலேயே கொஞ்ச நேரம் நின்றார். பக்தியில் நிற்கிறார் என்று நினைத்துக் குலவை போட்டார்கள்.

"ஆத்தா!" என்று அலறியபடி பக்கவாட்டில் சாய்ந்தார். "தெரியாமக் கேட்டுட்டேன் தாயே! மன்னிச்சிரு!"

"பாத்தியா, என்ன பக்தி!" என்று ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நாலு பேர் சேர்ந்து அவரைத் தூக்கி, பாக்கியராஜின் ஆட்டோவில் பின்சீட்டில் குறுக்கே படுக்க வைத்தார்கள். குடம் அங்கேயே இருந்தது.

"ஜோடிச்ச குடத்த வீட்டாளத் தவிர வேற ஆளு தொடக்கூடாதே," என்றார் பாக்கியராஜ்.

"மொதக் குடம் நகராம மத்தது நகராது," கமலக்கண்ணன் கையைப் பிசைந்தார். "வெயில் ஏறுது. இன்னும் செத்த நேரம் போச்சுன்னா அம்புட்டுப் பாலும் திரிஞ்சிரும். பேச்சிம்மா, நீங்கதான்..."

பேச்சியம்மாள் குடத்தை நோக்கி ஒரு அடி வைத்தாள்.

"ஆன்ட்டி, தொடாதீங்க!" ஆரிபா ஸ்கூட்டரை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"பின்னாடி பாருங்க டாக்டரம்மா. அம்புட்டுப் பேரும் சொமையோட நிக்கிறாங்க. அவங்களுக்கும் இடுப்பு இருக்குல்ல?"

ஆரிபா பின்னால் பார்த்தாள். வெயிலில் வியர்த்துக்கொண்டு, குடத்தைப் பிடித்த கையை மாற்றி மாற்றி, புருஷனுக்கும் பிள்ளைக்கும் யார் யாரோ வேண்டியதைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றவர்களைப் பார்த்தாள். பிறகு பேச்சியம்மாள் நிற்கிற விதத்தைப் பார்த்தாள். முதுகு நேராக இருந்தது.

"தலையில வைக்கக்கூடாது."

"வைக்கல."

"நெஞ்சோட அணைச்சுத்தான். சுருக்குனு ஒரு வலி வந்தாலும் அங்கயே எறக்கிரணும்."

"சரி."

"அப்ப... நான் சொல்லச் சொல்ல."

பேச்சியம்மாள் குடத்தைத் தொடுகிற மாதிரி நெருங்கி நின்றாள். முட்டியை மடக்கினாள். இடுப்பைப் பின்னால் தள்ளினாள். மூச்சை இழுத்து வயிற்றை இறுக்கினாள். தை மாதத்திலிருந்து அவள் உடம்பு மறந்துபோயிருக்கும் என்று பயந்ததெல்லாம் அங்கேயேதான் இருந்தது. தரையைக் காலால் அழுத்தினாள். குடம் வந்தது.

மேளம் ஒரு நொடி நின்றது.

"அப்படித்தான் அக்கா! மூச்ச விடாதீங்க!" என்று இஷாக் எங்கிருந்தோ கத்தினான். ஜிம் பையன்கள் விசில் அடித்தார்கள், பெண்கள் குலவை போட்டார்கள். குடத்தை நெஞ்சோடு அணைத்தபடி பேச்சியம்மாள் நடந்தாள். பக்கத்திலேயே ஆரிபா, "வலிக்குதா? இப்ப? இப்ப?" என்று கேட்டுக்கொண்டே நடந்தாள். வலிக்கவில்லை. கோயில் வரை வலிக்கவில்லை. குடத்தை இறக்கி, ஆத்தா தலையில் பால் வழிந்தபோதும் வலிக்கவில்லை.

கோயில் மதிலோரத்தில் ஆரிபா அவளைக் குனியச் சொன்னாள், நிமிரச் சொன்னாள், விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். "கால்ல மரத்துப்போகுதா?"

"இல்ல."

"திங்கக்கிழமை இஷாக் ஜிம்முக்கு வாங்க. வெறும் ராடு. நான் பக்கத்துல நிப்பேன்."

பேச்சியம்மாளுக்கு அங்கேயே ஒரு குதி குதிக்க வேண்டும் போலிருந்தது. ஆரிபாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். மனதுக்குள் கரூர் ஏட்டம்மாவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு ஆட்டோவிடம் போனாள்.

சேதுபதி பின்சீட்டில் மல்லாந்து கிடந்தார், கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஆரிபா அவரையும் அழுத்திப் பார்த்தாள். "சதை பிடிச்சிருக்கு அங்கிள். ரெஸ்ட் எடுத்தாச் சரியாயிரும். அதுவரைக்கும் ரெண்டு கிலோவுக்கு மேல கூடாது."

"கூழுச் சட்டி எவ்வளவு இருக்கும்மா?" சேதுபதி முனகினார். "பேச்சிக்கு நான்தான் கூழு கிண்டணும்."

அந்த ஒரு வார்த்தையில் பேச்சியம்மாளின் சிரிப்பு போய்விட்டது. இந்த நிலைமையிலும் இந்த மனிதருக்குத் தன் கூழைப் பற்றித்தான் கவலை. இவரையா ஏமாற்றினோம்? பூவில் திருட்டுத்தனம் செய்து, ஆத்தா சொல்லாததைச் சொன்னதாகச் சொல்லி, குடம் தூக்கத் தெரியாத மனிதரைத் தூக்க வைத்தோம். குற்றம் அவளுடையது. ஆத்தா ஒடித்தது அவர் இடுப்பை.

கோயிலுக்குள் திரும்பிப் போனாள். கூட்டம் கலைந்திருந்தது. ஷைனி மட்டும் படியில் உட்கார்ந்து மீந்த பூவை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். பேச்சியம்மாள் மஞ்சள் துணியில் ஒரு காசை வைத்து முடிந்தாள். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. மெல்ல, முதுகை வளைக்காமல், மண்டியிட்டாள்.

"ஆத்தா, தப்புப் பண்ணது நான். என் மேல இருக்குற கோவத்த அவரு மேல காட்டாத. ஆறு வருஷம் என்னய ஒரு வார்த்த தடுக்காத மனுசன். அவரு பழையபடி எந்திரிச்சு நடந்தாப் போதும்." திங்கட்கிழமை, வெறும் ராடு, ஆனி மாதம், ஏட்டம்மா எல்லாம் ஒரு நிமிடம் கண்முன்னே வந்து நின்றது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "அதுக்குப் பதிலா, நான் இனிமே அந்த ராட..."

"ஏக்கா, ஏக்கா, நிறுத்து!" ஷைனி பூவைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். "ஒரே வேண்டுதல புருசனும் பொண்டாட்டியும் எத்தன தடவதான் வேண்டுவீங்க? தை வெள்ளிக்கிழமை ஒன் வீட்டுக்காரரு இதே எடத்துல மண்டி போட்டு, 'எம் பொண்டாட்டி இனிமே அந்த ராடத் தொடாமப் பண்ணு தாயே, அவளையே பால்குடம் எடுக்க வெக்கிறேன்'னு அழுதாரு, மறுநா காலையிலயே ஆத்தா பண்ணிக் குடுத்துட்டாளே!"